வெயிலுக்குக் கட்சி உண்டா?

கேள்வி: எங்கள் தமிழ் மன்றத்தின் இளைஞர் பிரிவில், புவி வெப்பமயமாதல் பற்றிய மக்கள் கருத்தில் கட்சிச் சார்பு எவ்வளவு புகுந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விட்டோம். 164 பேர் பதில் தந்தார்கள். பா.ஜ.க. ஆதரவாளர்கள் 52 பேரில் 30 பேரும் (58 சதவீதம்), காங்கிரஸ் ஆதரவாளர்கள் 34 பேரில் 25 பேரும் (74 சதவீதம்) மனிதர்களால்தான் பூமி சூடாகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். 'அமெரிக்காவைப் போலவே நம்மிடமும் பிளவு' என்று ஆண்டு மலரில் எழுதலாமா? மன்றத்துக்குள்ளேயே இதை வைத்துச் சண்டை. திரும்பச் செய்வதென்றால் எப்படிச் செய்ய வேண்டும்? கையில் பெரிய பணம் இல்லை, எட்டுப் பேர் அலையத் தயார். படிவத்தை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்:

எழுத வேண்டாம். உங்கள் எண்கள் அந்தத் தலைப்பைத் தாங்காது.

முதலில் கணக்கு. இரண்டு சதவீதங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு குழுவிலும் 'ஆம்' விகிதத்தை 'இல்லை' விகிதத்தால் பெருக்கி, அந்தக் குழுவின் ஆள் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். உங்கள் விஷயத்தில் 0.58 × 0.42 ÷ 52, அதோடு 0.74 × 0.26 ÷ 34. இவற்றின் கூட்டுக்கு வர்க்கமூலம் சுமார் 0.10. இரண்டால் பெருக்கினால் 0.20, அதாவது 20 சதவீதப் புள்ளி. நீங்கள் கண்ட வித்தியாசம் 16 புள்ளி, பிழை வரம்போ மேலும் கீழும் 20. உண்மையான வித்தியாசம் 36 ஆகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள்: அந்த 25 காங்கிரஸ்காரர்களில் ஐந்து பேர் மனம் மாறி 'இல்லை' என்று தட்டியிருந்தால் உங்கள் பிளவு காணாமல் போயிருக்கும்.

இந்தக் கணக்குகூட, அந்த 164 பேரும் செம்பூர்த் தமிழர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டவர்களாக இருந்தால்தான் பொருந்தும். அவர்கள் அப்படி வந்தவர்கள் இல்லையே. யார் யாருக்கு ஃபார்வர்டு செய்தாரோ அவர்கள், அவர்களிலும் நேரமும் ஆர்வமும் இருந்தவர்கள். கட்சிக் குழு ஒன்றில் யாராவது 'நம்ம ஆட்கள் எல்லாரும் போடுங்க' என்று எழுதியிருந்தால் அதுவே முடிவைத் திருப்பிவிடும்.

படிவத்தைப் பார்த்தேன். மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும். முதல் கேள்வியே 'நீங்கள் ஆதரிக்கும் கட்சி'. கட்சியை நினைவுபடுத்திவிட்டு அடுத்து எதைக் கேட்டாலும், மனிதர் கட்சிக்காரராகத்தான் பதில் சொல்வார். கட்சி கடைசியில் வர வேண்டும். அடுத்து, 'மனித நடவடிக்கைகளால் புவி வெப்பமடைவதை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்ற கேள்வி. நம்மவர்கள் மரியாதைக்காகவே 'ஆமாங்க' என்று சொல்லிவிடுவார்கள். 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று கேட்டு வாங்கும் 'ஆம்' எதற்கும் பயன்படாது. மூன்றாவது, விடைகளில் வெறும் 'சிவசேனா' என்று ஒன்று, 'தேசியவாத காங்கிரஸ்' என்று ஒன்று. 2022 ஜூனில் சேனாவும் 2023 ஜூலையில் தேசியவாத காங்கிரஸும் உடைந்த பிறகு மகாராஷ்டிரத்தில் இந்தப் பெயர்களை இப்படித் தனியாகப் போட்டுக் கேட்க முடியாது. அந்த இரண்டு வரிசைகளில் விழுந்த பதில்களை நீங்கள் எந்தப் பக்கமும் சேர்க்க முடியாமல் விட்டிருப்பீர்கள்.

இனி அமெரிக்கா. அங்கே பிளவு இருப்பது உண்மை. 2022-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, காலநிலை மாற்றம் நாட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் 78 சதவீதம் பேர் சொன்னார்கள், குடியரசுக் கட்சிப் பக்கம் 23. ஆனால் இது பிறவிக் குணம் இல்லை. 1997-ல் கேலப் நிறுவனம், வெப்பமயமாதலின் விளைவுகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டனவா என்று கேட்டபோது இரண்டு கட்சியினரும் ஏறத்தாழ ஒரே அளவில், பாதிக்குப் பாதி, ஆம் என்றார்கள். அதே ஆண்டு அமெரிக்க செனட், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்ற தீர்மானத்தை 95-க்கு 0 என நிறைவேற்றியது. தலைவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள், தொண்டர்களும் அப்படியே. பதினோரு ஆண்டு கழித்து, 2008-ல் அதே கேலப் கேள்விக்கு ஜனநாயகக் கட்சியினரில் நான்கில் மூன்று பங்கு ஆம் என்றார்கள், குடியரசுக் கட்சியினரில் நாற்பது சதவீத வாக்கில்தான். இடையில் அறிவியல் பலவீனமாகவில்லை, பலப்படத்தான் செய்தது. மாறியது, கட்சித் தலைவர்கள் எந்தப் பக்கம் நின்று பேசினார்கள் என்பது.

இதை இன்னும் கிட்டத்தில் காட்டும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 டிசம்பரில் யேல் பல்கலைக்கழகக் குழு, 'கிரீன் நியூ டீல்' என்ற தூய எரிசக்தித் திட்டத்தை யார் கொண்டுவந்தது என்று சொல்லாமல் விளக்கி, ஆதரிக்கிறீர்களா என்று வாக்காளர்களிடம் கேட்டது. பெரும்பாலோர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. குடியரசுக் கட்சியினரில் 64 சதவீதம் ஆதரவு. அடுத்த நான்கு மாதங்களில் தொலைக்காட்சியிலும் மேடைகளிலும் அது ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி இளம் தலைவர்களின் திட்டம் என்று அடிபட்டது. 2019 ஏப்ரலில் அதே குழு மறுபடி கேட்டபோது குடியரசுக் கட்சியினரின் ஆதரவு 44-க்கு இறங்கிவிட்டது. திட்டத்தை யாரும் படித்துப் பார்த்து மனம் மாறவில்லை. அது யாருடையது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

படித்தவர்களிடம் இந்த நோய் குறைவாக இருக்கும் என்று உங்கள் மன்றத்தில் யாராவது சொல்வார்கள். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதைச் சோதித்தது. அறிவியல் அறிவும் கணக்கறிவும் கூடக் கூட, எதிரெதிர் மனப்போக்கு உள்ளவர்களுக்கு நடுவே இடைவெளி குறையவில்லை, அதிகமானது. நன்றாகப் படித்தவருக்குத் தன் பக்கத்துக்கு வாதம் தேடத் தெரியும்.

ஆனால் இதையெல்லாம் அப்படியே தூக்கி மும்பையில் வைக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆய்வு ஒன்று, அரசியல் சார்புக்கும் காலநிலை ஐயத்துக்கும் அமெரிக்காவில் இருக்கும் இறுக்கமான முடிச்சு மற்ற பெரும்பாலான நாடுகளில் இல்லை என்று காட்டியது. நம் நாட்டில் அந்த முடிச்சு விழக் காரணமே ஏற்படவில்லை. 2008 ஜூனில் எட்டுப் பணித்திட்டங்களோடு தேசிய காலநிலைச் செயல் திட்டத்தை வெளியிட்டது மன்மோகன் சிங் அரசு. 2021-ல் கிளாஸ்கோவில் 2070-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் (வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரி) என்று அறிவித்தவர் மோடி. இரண்டு அரசுகளும் சர்வதேச மேசையில் பேசியது ஒரே பேச்சு: இத்தனை காலம் கரியைக் கொட்டிய பணக்கார நாடுகள் முதலில் பொறுப்பேற்கட்டும். பூமி சூடாகவில்லை என்று தேர்தல் மேடையில் பேசும் பெரிய கட்சி இங்கே இல்லை. தலைவர்கள் பிரியாத இடத்தில் தொண்டர்கள் தாங்களாகப் பிரிவது அபூர்வம். தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2023 ஏப்ரலில் காவிரி டெல்டாவில் நிலக்கரிச் சுரங்க ஏலம் என்ற செய்தி வந்ததும் தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. மாநிலத் தலைமை எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள், ஒன்றிய அரசும் சில நாட்களில் அந்த இடங்களை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த வாரம் தஞ்சாவூரில் கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் கட்சி வித்தியாசத்தை வலை போட்டுத் தேட வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே 'பூமி சூடாகிறதா, மனிதரால் சூடாகிறதா' என்ற கேள்வியில் நீங்கள் கட்சியைத் தேடுவது தவறான இடத்தில் தேடுவது. இங்கே கட்சி நுழைவது, ஒரு குறிப்பிட்ட விஷயத்தின் மேல் ஒரு தலைவரின் பெயர் ஒட்டிக்கொள்ளும்போதுதான். உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது, ஆரே என்ற காட்டுப் பகுதி. 2019 அக்டோபர் 4-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்த அன்றிரவே மெட்ரோ-3 கார் ஷெட்டுக்காக (ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனை) மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் தடுப்பதற்குள் 2,100-க்கு மேல் விழுந்துவிட்டன. அப்போதைய பா.ஜ.க. முதல்வர் ஃபட்னவிஸின் அரசு ஷெட்டின் பக்கம். அதே அரசில் பங்காளியாக இருந்த சேனாவின் ஆதித்ய தாக்கரே மரத்தின் பக்கம். நவம்பர் கடைசியில் முதல்வரான உத்தவ் தாக்கரே வேலையை நிறுத்தினார், அடுத்த ஆண்டு ஷெட்டைக் காஞ்சூர்மார்க்குக்கு மாற்றுவதாக அறிவித்தார். 2022-ல் சேனாவை உடைத்த ஷிண்டேயின் அரசு வந்ததும் மறுபடி ஆரேவுக்கே திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தலைவரின் பெயர் அந்த மரங்களில் ஆணியடிக்கப்பட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான். ஆரேவில் மரத்தைக் காப்பாற்றச் சொன்னவர்களும் காலநிலை பேசினார்கள், மெட்ரோ ஓடினால் சாலையில் வண்டி குறையும், புகை குறையும் என்றவர்களும் காலநிலைதான் பேசினார்கள். ஆகையால் ஆரே ஷெட்டுக்கு எதிராகப் பதில் சொன்னவரைக் 'காலநிலையில் அக்கறை உள்ளவர்' என்று பதிவு செய்தால் தப்பு. ஆரேவில் மரத்துக்காக நின்ற அதே தாக்கரே தரப்பு, கடலைத் தூர்த்துப் போட்ட கடற்கரைச் சாலையைத் தங்கள் சாதனை என்று சொல்லிக்கொண்டது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளக்க வேண்டியது, யார் பக்கம் சரி என்பதை அல்ல. பெயர் ஒட்டினால் பதில் எவ்வளவு நகர்கிறது என்பதை.

அதற்கு வழி: ஒரே கேள்வியை இரண்டு வடிவத்தில் அச்சடித்து, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. 'அ' வடிவத்தில் இப்படி: "மும்பை நகரம் 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று 2022-ல் வெளியான மாநகராட்சியின் காலநிலைச் செயல் திட்டம் சொல்கிறது. சிலர் இது தேவை என்கிறார்கள், சிலர் இதனால் செலவு கூடும் என்கிறார்கள். உங்கள் கருத்து எது?" 'ஆ' வடிவத்தில் '2022-ல் வெளியான' என்பதற்குப் பதில் 'உத்தவ் தாக்கரே முதல்வராக இருந்தபோது 2022-ல் வெளியான' என்று வரும், மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து அதே. ஒரு பக்கத்துப் பெயரை மட்டும் சோதித்தால் உங்கள் மேலேயே சந்தேகம் வரும். இன்னொரு கேள்வியில் 2070 இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'அ'-வில் 'இந்தியா அறிவித்த', 'ஆ'-வில் 'பிரதமர் மோடி அறிவித்த'. சேர்க்கும் பெயர் உண்மையாக இருக்க வேண்டும். சோதனைக்காக ஒருவர் செய்யாததை அவர் தலையில் கட்டக் கூடாது. இரண்டு வடிவத் தாள்களையும் வீட்டிலேயே சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து அடுக்கி, மேலிருந்து வரிசையாக எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்பவர் ஆளைப் பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் சோதனை அங்கேயே செத்துவிடும்.

எத்தனை பேர் வேண்டும்? இரண்டு குழுக்களிடையே 10 புள்ளி வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்க ஒவ்வொரு குழுவிலும் சுமார் 350 பேர் வேண்டும். 15 புள்ளி என்றால் 150 பேர், 20 புள்ளி என்றால் 80 பேர். எட்டுப் பேர் ஆளுக்கு ஐம்பது வீடு முடித்தால் 400. மாலைக்கு நான்கைந்து பேட்டிதான் உருப்படியாக நடக்கும், ஆகவே ஆளுக்கு 10 முதல் 12 மாலைகள். 400-ல் நூறு பேராவது கட்சியைச் சொல்ல மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 300. அதைக் கட்சி கட்சியாகப் பிரித்தால் உங்கள் பழைய 34 பேர் கதைதான். மகாயுதி (பா.ஜ.க., ஷிண்டே சேனா, அஜித் பவார் அணி), மகாவிகாஸ் அகாடி (காங்கிரஸ், உத்தவ் சேனா, சரத் பவார் அணி) என்று இரண்டு அணியாகச் சேர்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்துக்கு 150. அதாவது 15 புள்ளிக்குக் கீழே உள்ள எதையும் உங்கள் கணிப்பு பார்க்க முடியாது. இதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள், பிறகு 6 புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து யாரும் துள்ள மாட்டார்கள்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே சொசைட்டியில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) இருபது வீடு கேட்டால் வேலை சுலபம். ஆனால் ஒரே கட்டடத்துக்காரர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள், ஒரே குழுவில் ஒரே ஃபார்வர்டைப் படிப்பார்கள். பக்கத்து வீட்டாரிடையே ஒற்றுமை வெறும் 5 சதவீத அளவில் இருந்தாலே, 20 இடங்களில் இருபது இருபதாக எடுத்த 400 பேட்டி, தனித்தனியாக எடுத்த சுமார் 205 பேட்டிக்குத்தான் சமம். அதே 400-ஐ 40 இடங்களில் பத்துப் பத்தாக எடுத்தால் 276-க்குச் சமமாகும். மேலே சொன்ன 15 புள்ளி இதனால் இன்னும் கொஞ்சம் விரியும். ஆனால் பெயர்ச் சோதனையை இந்த இழப்பு அதிகம் தொடாது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் இரண்டு வடிவமும் கலந்தே போகிறது. உங்களைப் போலச் சிறிய முதலோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் பெயர்ச் சோதனையையே முதன்மையாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

செம்பூர், அணுசக்தி நகர், சயான் கோலிவாடா, தாராவி, முலுண்ட் என்று தொகுதிகளைப் பிரித்து, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியலிலிருந்து பாகங்களை (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதி) குலுக்கல் முறையில் எடுங்கள். பட்டியலில் பெயரைப் பார்த்துத் தமிழரைப் பொறுக்காதீர்கள். முருகனும் செல்வியும் கிடைப்பார்கள், சேவியரும் ரஹ்மத்தும் போய்விடுவார்கள், அவர்களோடு ஒரு பக்க ஓட்டும் போய்விடும். பாகத்தில் ஒரு தெரு முனையிலிருந்து வலது கைப் பக்கமாக நடந்து, ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று தட்டி, 'வீட்டில் தமிழ் பேசுவீர்களா' என்று கேட்டுத் தொடருங்கள். கதவைத் திறந்தவரையே கேட்டுவிடக் கூடாது. வீட்டில் பதினெட்டு வயது தாண்டியவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரிடம்தான் பேச வேண்டும். அவர் இல்லையென்றால் வேறு வேளையில் மறுபடி போகணும், மூன்று முறை வரை. பகலில் போனால் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும்தான் இருப்பார்கள், லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர் எட்டு மணிக்குத்தான் வருவார். இரவு ஏழரைக்கு மேல், ஞாயிறு முற்பகல், இவை நல்ல நேரம். சால் வீடுகளில் (வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட மும்பைக் குடியிருப்புகள்) தண்ணீர் வரும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். பெரிய சொசைட்டிகளில் செக்ரட்டரியிடம் மன்றத்தின் கடிதத்தைக் கொடுத்து வாசலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேன் திருப்பி அனுப்பும் கட்டடங்கள் எல்லாம் ஒரே வகையாக இருக்கும், அந்த வகைக் கருத்து உங்கள் கணக்கிலிருந்து முழுசாக விழுந்துவிடும். மறுத்த வீடுகளையும் குறித்துவையுங்கள். யாரும் தன் சொந்தக் கட்டடத்தில் கேட்கக் கூடாது. தெரிந்த பிள்ளையிடம் யாரும் கட்சியைப் பற்றி மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

கேள்விகள் பதினெட்டுக்கு மேல் போக வேண்டாம், பன்னிரண்டு நிமிடத்தில் முடியணும். முதலில் 'புவி வெப்பமயமாதல் பற்றி எவ்வளவு தெரியும்' என்று கேளுங்கள். யேல் பல்கலைக்கழகமும் சி வோட்டர் நிறுவனமும் 2022-ல் வெளியிட்ட கணிப்பில் இந்தியர்களில் 54 சதவீதம் பேர் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். சுருக்கமாக விளக்கிவிட்டுக் கேட்டபோது 84 சதவீதம் பேர் அது நடக்கிறது என்றார்கள், பெரும்பாலும் மனிதரால் என்றவர்கள் 57. விளக்கம் எல்லாருக்கும் ஒன்றாக, தாளில் உள்ளதை உள்ளபடி வாசிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் ஓசோன் ஓட்டையைச் சொல்வார், இன்னொருவர் மே மாத வெயிலைச் சொல்வார், மூன்றாமவர் டியோனார் குப்பைமேட்டுப் புகையைச் சொல்வார். காரணக் கேள்வியை இரு பக்கமும் திறந்து கேளுங்கள்: 'பெரும்பாலும் மனிதர்களால் என்கிறார்கள் சிலர், பெரும்பாலும் இயற்கையாகவே என்கிறார்கள் சிலர், நீங்கள்?' தெரியாது என்பதும் ஒரு பதில், அதற்கும் கட்டம் வேண்டும். 'புவி வெப்பமயமாதல்' என்றும் 'காலநிலை மாற்றம்' என்றும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். 2011-ல் வந்த அமெரிக்கச் சோதனையில் முதல் பெயரில் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் 44 சதவீதமும் இரண்டாவது பெயரில் கேட்டபோது 60 சதவீதமும் நடக்கிறது என்றார்கள். ஜனநாயகக் கட்சியினர் இரண்டுக்கும் 86-87.

கட்சியைக் கடைசியில், வாயால் சொல்ல வைக்காமல் கேளுங்கள். டெல்லி ஆய்வு அமைப்பான லோக்நீதி–சி.எஸ்.டி.எஸ். நடத்தும் தேர்தல் ஆய்வுகளில் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். நீங்களும் சின்னங்கள் அச்சிட்ட ஒரு சீட்டும் கவரும் கொடுங்கள். தாமரை, கை, வில்-அம்பு, தீப்பந்தம், கடிகாரம், துத்தாரி (ஊதுகொம்பு) ஊதும் மனிதர், மற்றவை, யாருக்கும் இல்லை. பெயரில் குழம்புகிறவர்கள் சின்னத்தில் குழம்ப மாட்டார்கள். வில்-அம்பு ஷிண்டேயிடம், தீப்பந்தம் உத்தவிடம், கடிகாரம் அஜித் பவார் அணியிடம், துத்தாரி சரத் பவார் அணியிடம். சீட்டில் பேட்டி எண் இருக்கும், பெயர் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணை ஒளித்துவைத்து அச்சிடுவது ஏமாற்று வேலை.

மும்பைத் தமிழருக்கு இன்னொரு சீட்டும் தேவை, வெளியூர் ஆய்வாளர்களுக்கு இது தோன்றாது. ஓட்டு இங்கே, மனசு அங்கே என்று இருப்பவர்கள் நிறையப் பேர். தாராவியில் கைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு இரட்டை இலைக்காகச் சண்டை போடுகிறவர் உண்டு. சயான் கோலிவாடாவில் பா.ஜ.க.வின் தமிழ்ச்செல்வன் நிற்கிறார் என்பதற்காகத் தாமரையில் குத்திவிட்டு, ஊர் விஷயத்தில் உதயசூரியனைப் பேசுகிறவரும் உண்டு. இவர்களை ஒரே கட்டத்தில் அடைத்தால் கட்சிச் சார்பு அளவாகாது. 'கடந்த சட்டமன்றத் தேர்தலில் எதற்கு ஓட்டுப் போட்டீர்கள்', 'தமிழ்நாட்டில் உங்களுக்கு நெருக்கமான கட்சி எது', 'அந்த நெருக்கம் அதிகமா, கொஞ்சமா' என்று மூன்றாகக் கேளுங்கள். காலநிலைச் செய்தியைத் தமிழ்ச் சேனலில் பார்க்கிறாரா, இந்தி, மராட்டியிலா என்பதும் ஒரு வரி. தலைவரின் குரல் எந்தக் குழாய் வழியாக வந்து சேர்கிறது என்பது அதில் தெரியும்.

வீட்டு வகையைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்: தகரக் கூரையா, சால் அறையா, ஃப்ளாட்டா, ஏசி உண்டா. உங்கள் மன்றத்துச் சண்டைக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஃப்ளாட்டுக்காரர்கள் 80 பேர், எந்தக் கட்சியானாலும் 80 சதவீதம் பேர் 'மனிதரால்' என்கிறார்கள். சால்காரர்கள் 80 பேர், எந்தக் கட்சியானாலும் 50 சதவீதம். கட்சியால் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. இப்போது ஃப்ளாட்டில் முதல் அணிக்கு 60 பேர், மற்ற அணிக்கு 20 பேர், சாலில் அது தலைகீழ் என்று வையுங்கள். முதல் அணியில் 48-ம் 10-ம் சேர்த்து 80-க்கு 58 பேர், 72.5 சதவீதம். மற்ற அணியில் 16-ம் 30-ம் சேர்த்து 80-க்கு 46 பேர், 57.5 சதவீதம். சுளையாக 15 புள்ளிப் பிளவு, அத்தனையும் வீட்டுச் சுவரால் வந்தது. இப்படி ஏமாறாமல் இருக்க, ஃப்ளாட்டுக்குள் அணிகளை ஒப்பிடுங்கள், பிறகு சாலுக்குள் ஒப்பிடுங்கள். இரண்டிலும் வித்தியாசம் நிலைத்து நின்றால்தான் கட்சியின் பெயரை எடுக்கலாம். எக்செல்லில் பிவட் டேபிள் போடத் தெரிந்த ஒருவர் போதும்.

காலம் பார்க்கவும் வேண்டும். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று தோன்றினாலே மக்கள் வெப்பமயமாதலை அதிகம் நம்புகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதிப் பேட்டியை மே மாதப் புழுக்கத்திலும் மீதியை மழை பிடித்த பிறகும் எடுத்தால் தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் வந்துவிடும், அதைக் கட்சி வித்தியாசம் என்று நினைப்பீர்கள். தண்டவாளம் மூழ்கிய வாரத்தில் கேட்கவே வேண்டாம். மூன்று வாரத்துக்குள் எல்லாத் தொகுதிகளையும் இணையாக முடியுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் ஒத்திப்போடுங்கள். கையில் சின்னச் சீட்டோடு கதவு தட்டுகிறவரை யாரும் கணிப்பாளராகப் பார்க்க மாட்டார்கள்.

அந்த 164 பதில்களைத் தூக்கி எறிய வேண்டாம், மலரிலும் போட வேண்டாம். 'தெரியாது' எங்கே குவிந்தது, எந்தக் கேள்வியில் பாதியில் விட்டுப் போனார்கள் என்று பார்த்துப் படிவத்தைத் திருத்துங்கள். திருத்திய படிவத்தை 15-20 பேரிடம் வாய்விட்டு வாசித்து, கேள்வியை அவர்கள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார்களா என்று சோதியுங்கள்.

முடிவை அச்சிடும்போது ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்திலும் எத்தனை பேரில் என்பதைப் போடுங்கள். 50 பேருக்குக் குறைவான குழுவுக்குச் சதவீதமே போடாதீர்கள், தமிழ்நாட்டுக் கட்சி வாரியான அட்டவணை பெரும்பாலும் இதில் அடிபடும். கேள்வி வாசகம், எடுத்த தேதிகள், தட்டிய வீடுகள், மறுத்த வீடுகள் நான்கும் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் வர வேண்டும். அணிகளுக்கு நடுவே பிழை வரம்பைத் தாண்டிய வித்தியாசம் வராவிட்டால், 'இந்த அளவுக் கணிப்பில் வித்தியாசம் தென்படவில்லை' என்று தலைப்பிடுங்கள். பெயர் சேர்த்த தாளில் மட்டும் பதில் நகர்ந்திருந்தால், 'அ', 'ஆ' இரண்டு கேள்விகளையும் முழுசாக அருகருகே அச்சிட்டு, கீழே எண்களைக் கொடுங்கள்.